நாற்பது விநாடிச் சட்டை

பெட்டியண்ணன் பயப்படுவதற்குக் காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. நாயைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். இடி இடித்தால் டிவியின் பிளக்கைப் பிடுங்குவார், அதிலும் மனம் ஆறாமல் ஃபேனையும் நிறுத்திவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருப்பார். கால்பந்துச் சங்கத்தின் அலுவலகம் ஐந்தாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று இருபத்துநான்கு வருடங்களாகப் படியேறியே போய்வருகிறார். வீட்டில் போன் அடித்தால் மனைவி எடுத்து, "ஒண்ணுமில்ல, உங்க தம்பிதான்" என்று சொன்ன பிறகுதான் கையை நீட்டுவார்.

இப்படிப்பட்டவருக்குத் தேசியக் கால்பந்து அணியில் என்ன வேலை என்று கேட்கலாம். அணியின் உடுப்புகள் அவர் பொறுப்பு. சட்டை, காற்சட்டை, காலுறை, பூட்ஸ் எல்லாம் அவர் கையிலிருந்து போய் அவர் கைக்கே திரும்பி வரும். துவைப்பார், காயப்போடுவார், நம்பர் ஒட்டுவார், நான்கு தகரப் பெட்டிகளில் அடுக்குவார். மேட்ச் நடக்கும்போது ஒரு பெட்டியோடு எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இரண்டாவது சட்டை ஒன்று அந்தப் பெட்டியில் இருக்கும். சட்டையில் ரத்தம் பட்டவனை நடுவர் வெளியே அனுப்பிவிடுவார். ரத்தம் நின்று, சுத்தமான சட்டை போட்ட பிறகுதான் உள்ளே விடுவார். அதுவரை பத்துப் பேரை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டும். அதனால் எவ்வளவு சீக்கிரம் சட்டையை மாட்டிவிடுகிறார் என்பதில்தான் பெட்டிக்காரரின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் இருக்கிறது. நம் ஆள் நாற்பது விநாடியில் மாட்டிவிடுவார். அவருக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான்.

இன்னொன்றும் உண்டு, ஆனால் அதைப் பெருமை என்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. அணியை நடத்தப் புதிய மேனேஜர் வந்தால் நாட்டிலேயே அவருக்குத்தான் முதலில் தெரியும். அறிவிக்கிற அன்றைக்குப் புது ஆள் அணியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கேமராக்களுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது வழக்கம். ஜாக்கெட்டில் சின்னம் ஒட்ட வேண்டும், அளவு தெரிய வேண்டும். ஆகவே செயலாளர் மூன்று நாள் முன்பே போன் செய்து நெஞ்சளவைச் சொல்லிவிடுவார். இப்படி ஒன்பது மேனேஜர்களின் நெஞ்சளவு பெட்டியண்ணனுக்குத் தெரியும். ஒன்பது பேரும் அந்த ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தபோது வாங்கி மடித்து வைத்தவரும் அவர்தான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மைதானத்துக்கு அடியில் இருக்கும் உடுப்பு அறையில் போன் அடித்தது. அங்கே எடுத்துக் கொடுக்க மனைவி இல்லை. ஆறு தடவை அடித்த பிறகு எடுத்தார்.

"பெட்டியண்ணே, ஒரு ஜாக்கெட். நாப்பத்து நாலு. வியாழக்கிழமை காலையில வேணும்," என்றார் செயலாளர். "யாருக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"சொன்னா கேட்டுக்கறேங்க."

"நம்ம கேப்டனுக்குத்தான், வேற யாருக்கு? புதன்கிழமை நாலு மணிக்குக் கமிட்டி கூடுது, சும்மா கையெழுத்துப் போட. வெளிய மூச்சு விட்டுடாதீங்க."

போனை வைத்துவிட்டுப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். எத்தனையோ பயங்களைப் பார்த்தவர் அவர், ஆனால் இந்தப் பயம் அவருக்குப் புதிது.

நாடே இரண்டு வாரமாக இந்த ஒரு கேள்வியைத்தான் மென்றுகொண்டிருந்தது. அடுத்த மேனேஜர் யார்? முந்தைய மேனேஜர் ஐந்து மேட்ச் தொடர்ந்து தோற்றார். ஐந்தாவது தோல்விக்கு மறுநாள் அவர் வீட்டில் ஒரு ஜன்னல்கூட மிஞ்சவில்லை. அந்த மனிதர் மனைவி பிள்ளைகளோடு சொந்தக்காரர் வீட்டில் போய் ஒளிந்துகொண்டார். இதைச் செய்தவர்கள் மறுநாள் காலை ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி வேலைக்குப் போய், அடுத்து யாரைப் போடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டுப் பேசினார். பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். வாழ்நாளில் பந்தைக் காலால் தொடாதவர்கள்தான் இந்த விஷயத்தில் அதிகம் கோபப்படுவார்கள், எங்கேயும் அப்படித்தான்.

பேச்சில் அடிபட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் இளைஞர் அணியின் கோச். மெலிந்த ஆள், கண்ணாடி போட்டவர், டிவியில் பேசினால் பாதி வாக்கியம் காதில் விழாது. யாராவது தும்மினாலும் வெளியே உட்கார வைத்துவிடுவார் என்று அவரைக் கிண்டல் செய்தார்கள். இன்னொருவர்தான் கேப்டன். ஆடுவதை விட்டு எட்டு வருடமாகியும் அவருக்கு அந்தப் பெயர்தான். அகலமான தோள், கணீரென்ற குரல், எல்லாரையும் பெயர் சொல்லிக் கட்டிப்பிடிக்கிற பழக்கம். பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் கேப்டன் என்றுதான் சொன்னார்கள். பத்தாவது ஆள் பயத்தில் ஒன்றும் சொல்லவில்லை, அது பெட்டியண்ணன்.

காரணம் ஆறு வருடம் பழையது.

அன்றைக்கு இருந்த மேனேஜருக்குக் கோட்டருகே நிற்கத் தடை போட்டிருந்தார்கள். அவர் மேலே பார்வையாளர்களோடு உட்கார்ந்திருக்க, உதவியாக இருந்த கேப்டன்தான் கீழே நின்று அணியை நடத்தினார். ஜெயித்தே ஆக வேண்டிய மேட்ச். முப்பத்தோராவது நிமிடத்தில் நம் அணியின் பதினான்காம் நம்பர் ஆட்டக்காரனும் கோல்கீப்பரும் ஒரே பந்துக்குப் பாய்ந்து மண்டையோடு மண்டை மோதினார்கள். கோல்கீப்பர் விழுந்து கிடந்தான், டாக்டர் அவனிடம் ஓடினார். பதினாலு தானாக எழுந்து, புருவத்திலிருந்து ரத்தம் வழிய, கோட்டுக்கு வெளியே நடந்து வந்தான். பேச்சு காதில் விழும் தூரத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர்: அவன், கேப்டன், பெட்டியண்ணன்.

"அண்ணே, இன்னிக்கு யாரோட மேட்ச்?" என்று பதினாலு கேட்டான்.

கேப்டன் அவன் புருவத்தில் பஞ்சை அழுத்திப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டே, "அண்ணே, சட்டை!" என்றார்.

"கேப்டன், எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. நான் உட்காரட்டுமா?"

"பிரேக்ல உட்காரலாம். இன்னும் பதினஞ்சே நிமிஷம். அண்ணே, என்ன பாத்துட்டு நிக்கறீங்க, சட்டை!"

"உட்காரட்டுமா?" என்றான் மறுபடியும், இந்தத் தடவை பெட்டியண்ணனைப் பார்த்து.

பெட்டியண்ணன் பெட்டியைத் திறந்தார். ரத்தச் சட்டையை உருவினார், புதுச் சட்டையைத் தலைவழியாக இறக்கினார். பதினாலின் வலது கை கைத்துளை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் கழுத்துப் பக்கம் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பிடித்து, குழந்தைக்குச் செய்வதுபோல, சரியான துளைக்குள் நுழைத்துவிட்டவர் அவர்தான். நாற்பது விநாடி. நடுவர் தலையாட்டினார், பதினாலு உள்ளே போனான். பிரேக்குக்குப் பிறகும் ஆடவிட்டார்கள். எழுபதாவது நிமிடத்தில் இன்னொரு பந்தைத் தலையால் முட்டினான், அப்படியே சரிந்தான். அணி ஜெயித்தது. அவன் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இடது கண் மங்கிவிட்டது, பேசும்போது சொற்கள் தொலைந்துபோகும், அந்த நாள் அவன் ஞாபகத்தில் அடியோடு இல்லை.

மறுநாள் கேப்டன் டிவியில் சொன்னார்: "நான் உட்காருன்னுதான் சொன்னேன். அவன் கேக்கல. சட்டையைப் பிடுங்கிப் போட்டுட்டு ஓடினான். சிங்கம்!" நாடு அழுதது, கைதட்டியது, 'சிங்கம் பதினாலு' என்று போஸ்டர் அடித்தது. அந்த நேரத்தில் பெட்டியண்ணன் முதல் சட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். ரத்தக்கறை போக வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணீர்தான். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சட்டை சுத்தமாகிவிட்டது.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு பதினாலின் வீட்டுக்குப் போவார். பழம் வாங்கிக்கொண்டு போவார், டீ குடிப்பார், வருவார்.

செவ்வாய்க்கிழமை மதியம் கேப்டனே ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க உடுப்பு அறைக்கு வந்துவிட்டார். பெட்டியண்ணன் நினைவெங்கோ இருந்ததில் முதல் ஜாக்கெட்டின் சின்னத்தை இஸ்திரியில் தீய்த்துவிட்டு, இரண்டாவதை அப்போதுதான் முடித்திருந்தார். பூட்ஸ் வாங்க வந்த சுருட்டை முடிக்காரன் ஒருவனும் அங்கே நின்றான். அணியிலேயே சின்னவன், இருபது வயது. சுருட்டை என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். நெற்றியில் பெரிய வீக்கம்.

"என்னடா இது கொம்பு முளைக்குது?" என்று சிரித்தார் கேப்டன்.

"பிராக்டீஸ்ல இடிச்சிக்கிட்டேன் கேப்டன். ரெண்டு வாரம் தலையால பந்தைத் தொடாதன்னு டாக்டர் சொன்னாரு."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க, அவங்க தொழில் அது. ஞாயித்துக்கிழமை நீ ஆடற. ரத்தம் வந்தாத்தான் என்ன, நம்ம அண்ணன் எதுக்கு இருக்காரு? நாப்பது செகண்ட்!" என்று பெட்டியண்ணனின் முதுகில் தட்டினார். பிறகு கண்ணாடியைப் பார்த்து ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "பதினாலையும் கூப்பிடறேன். முதல் மேட்ச் அன்னிக்கு மைதானத்து நடுவுல நிக்க வைக்கணும். அன்னிக்கு நான் எவ்வளவு சொன்னேன் உட்காருன்னு... ஞாபகம் இருக்காண்ணே?"

பெட்டியண்ணன் அவர் கண்களைப் பார்த்தார். அதில் கள்ளம் எதுவும் இல்லை. மனிதர் ஆறு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்டிருந்தார். பொய் சொல்கிறவன் என்றால் எங்காவது ஓரிடத்தில் தயங்குவான். இந்த ஆள் தயங்கவே மாட்டார்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். முப்பது வருடக் குடித்தனத்தில் இந்த ஒன்றை மட்டும் அவளிடம் சொன்னதில்லை. அவள் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை செய்கிறவள், சத்தம் அவளை ஒன்றும் செய்யாது. ஆனால் கேட்டு முடித்ததும் முதலில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

"வாயைத் திறக்காதீங்க. அந்தாளு வீட்டை என்ன பண்ணாங்கன்னு பாத்தோமே. நமக்கு இருக்கறதே ரெண்டு ஜன்னல்."

"சரி," என்றார். அந்தச் சொல்லைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார், கேட்டதும் மூச்சு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்: "அந்தப் பையனுக்கு வீக்கம் எவ்வளவு பெருசு?"

கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினார். அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நாலு மணிக்குத்தானே கமிட்டி? போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றாள். "ஆனா காலையில பதினாலு வீட்டுக்குப் போங்க. ஊர் வாயால அவங்க கேக்கக் கூடாது."

பெட்டியண்ணனுக்குக் கமிட்டியைவிட அந்த வீடுதான் பெரிய பயம். பதினாலுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்தச் சிங்கப் பட்டம் ஒன்றுதான் என்று அவர் நினைத்திருந்தார். கண் போய்விட்டது, ஆட்டம் போய்விட்டது, வேலை என்று எதிலும் நிலைக்க முடியவில்லை. சுவரில் அந்தப் போஸ்டர் மட்டும் இருக்கிறது. தைரியமாகத் தானே ஓடினான் என்ற கதையையும் பிடுங்கிவிட்டால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இதையும் ஒரு நியாயமாகத் தனக்குத்தானே சொல்லிவந்தார். பயந்தவர்கள் கையில் எப்போதும் ஒரு நியாயம் தயாராக இருக்கும்.

புதன்கிழமை காலை அவர் போனபோது பதினாலு தரையில் உட்கார்ந்து மகளின் பள்ளிச் சீருடையை மடித்துக்கொண்டிருந்தான். கதவில், 'சாவி', 'கேஸ்', 'மாத்திரை' என்று துண்டுச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவி மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணா, இன்னிக்குப் புதன்கிழமைதானே?" என்று கேட்டுவிட்டு டீ கொண்டுவந்து வைத்தாள்.

டீயைத் தொடாமலே சொன்னார். வரிசையாகச் சொல்ல வரவில்லை. கைத்துளையில் ஆரம்பித்து, கோல்கீப்பருக்குப் போய், மறுபடி சட்டைக்கு வந்து, கேப்டன் சொன்னதைச் சொல்லி, கடைசியில், "நான்தான் தம்பி மாட்டிவிட்டேன், இந்தக் கையால," என்று நிறுத்தினார்.

பதினாலு மடித்த சீருடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பெட்டியண்ணன் அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்போ... நானா போகலையா?"

"இல்ல தம்பி."

"உட்காரட்டுமான்னு கேட்டேனா?"

"கேட்ட."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை என்கிட்டதான் கேட்ட."

பதினாலு மனைவி பக்கம் திரும்பினான். "கேட்டியா? நான் கேட்டிருக்கேன். உட்காரட்டுமான்னு... ரெண்டு தடவை கேட்டிருக்கேன்." அவன் முகம் கோணியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று பெட்டியண்ணனுக்குப் புரியவில்லை. சீருடையை முகத்தில் அழுத்திக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தான்.

அவள் சீப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"அப்போ எனக்கு ஏழு மாசம்," என்றாள். "வயித்துல புள்ளை இருக்கு, எங்களை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாக்காம எப்படி உள்ள போனீங்கன்னு ஆறு வருஷமா கேட்டுட்டே இருக்கேன். கோபம் வரும்போதெல்லாம் கேப்பேன். தெரியலம்மா, தெரியலம்மான்னு மட்டும் சொல்வாரு. சிங்கம் பண்ண வேலையைப் பாருன்னு திட்டுவேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவள் கத்தியிருந்தால்கூடப் பெட்டியண்ணன் தாங்கியிருப்பார். "மாசா மாசம் இதே நாற்காலியில உட்கார்ந்துதானே டீ குடிச்சீங்க? நான் திட்டறதைக் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தார். புருஷன் பெண்டாட்டி சண்டை, நடுவில் நாம் ஏன் என்று தட்டில் இருக்கும் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னல் உடைவதற்குப் பயந்து ஒரு குடும்பத்தை ஆறு வருடம் உடையவிட்டிருக்கிறோம் என்பது அவருக்கு அந்த நாற்காலியில்தான் உறைத்தது. அவள் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்பி வரவில்லை.

நாலு மணிக்கு ஐந்து மாடி ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் திரும்பிப் போய்விடலாமா என்று நின்றார். ஐந்தாவது மாடியில் நின்றதற்கு மூச்சு வாங்கியதும் ஒரு காரணம். உள்ளே ஐந்து பேர், நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள். ஜாக்கெட் அளவு பற்றி ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துச் செயலாளர் உள்ளே விட்டுவிட்டார்.

இந்தத் தடவை தன் கையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னார்.

சங்கத் தலைவர் பேனாவை மூடினார். "இதை வேற யாராவது கேட்டாங்களா?"

"இல்லைங்க."

"பதினாலுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லைங்க."

"சட்டை?"

"துவைச்சிட்டேங்க."

"அந்தக் கண்ணாடிக் கோச் சொல்லி அனுப்பினாரா உங்களை?" என்று ஒருவர் கேட்டார். "ஆறு வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று இன்னொருவர் கேட்டார்.

"பயந்துட்டு இருந்தேங்க."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவர் ஜன்னல் வழியாகக் கீழே தெருவைப் பார்த்தார். அங்கே கேப்டன் படம் போட்ட பனியன்களோடு கூட்டம் கூடியிருந்தது. அவர் பார்த்த பார்வை பெட்டியண்ணனுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நாய் நிற்கும் தெருவை இவரும் அப்படித்தான் பார்ப்பார்.

"சரி, குறிச்சுக்கறோம். கதவைச் சாத்திட்டுப் போங்க," என்றார் தலைவர்.

வியாழக்கிழமை கேப்டன் ஜாக்கெட்டோடு கேமராக்களுக்கு முன்னால் நின்றார். ஊர் கொண்டாடியது. எல்லாம் முடிந்த பிறகு உடுப்பு அறைக்கு வந்து, கதவைத் தானே சாத்திவிட்டு, பெட்டியண்ணனின் தோளில் கை போட்டார்.

"அண்ணே, வயசானா ஞாபகம் குழம்பும். தப்பே இல்ல. ஞாயித்துக்கிழமை மேட்ச் முடியட்டும், உங்களை மரியாதையா அனுப்பி வைக்கறோம். அதுவரைக்கும் பெட்டியை மட்டும் பாத்துக்குங்க." தோளை ஒரு அழுத்து அழுத்தினார். "விஷயம் வெளிய தெரிஞ்சா பசங்க உங்க வீட்டுக்கு வந்துடுவாங்கண்ணே. அதான் எனக்குக் கவலை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த இரண்டு நாளும் வீட்டில் கணவனும் மனைவியும் ஜன்னல் திறக்காமல் இருந்தார்கள். வாசலில் ஸ்கூட்டர் நின்றால் சாப்பாட்டில் வைத்த கை அப்படியே நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மைதானம் நிரம்பி வழிந்தது. நடுவில் பதினாலுக்காகப் போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது. அவன் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சுருட்டை நெற்றியில் பட்டையோடு இறங்கினான். பெட்டியண்ணன் தன் இடத்தில் பெட்டியோடு உட்கார்ந்து, அவன் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து எங்கே போனதென்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டார்.

இருபத்தாறாவது நிமிடம் அது நடந்தது. உயரமாக வந்த பந்துக்குச் சுருட்டையும் நம் ஆளே இன்னொருவனும் எழும்பினார்கள். சத்தம் பெட்டிவரை கேட்டது. மற்றவன் எழவில்லை, டாக்டர் அவனிடம் ஓடினார். சுருட்டை எழுந்தான். நெற்றி வீக்கம் பிளந்து ரத்தம் சட்டையில் இறங்க, நடுவர் கைகாட்டிய பக்கம் நடந்து வந்தான். நேராக வரவில்லை.

"அண்ணே, சட்டை!" என்றார் கேப்டன், பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டே.

பெட்டியண்ணன் எழுந்தார். இருபத்துநான்கு வருடப் பழக்கம், கை தானாகவே மூடிக்குப் போய்விட்டது. அதைத் திறந்தும் விட்டார். மேலேயே இருந்தது சட்டை, ஏழாம் நம்பர், வெள்ளையாக.

"அண்ணே," என்று சுருட்டை கூப்பிட்டான். "இன்னிக்கு யாரோட மேட்ச்?"

பெட்டியண்ணன் மூடியைச் சாத்தினார். அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"என்னண்ணே பண்றீங்க? சட்டையை எடுங்க!"

"மாட்டேன்."

"பத்துப் பேரு ஆடறாங்க உள்ள! எழுந்திருங்க!" கேப்டன் அவர் கையைப் பிடித்து இழுத்தார். பெட்டியண்ணன் இரண்டு கைகளாலும் பெட்டியின் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டார். பார்வையாளர்கள் எழுந்துவிட்டார்கள். என்ன நடக்கிறதென்று புரியாதவர்களும் கத்தினார்கள். முதல் பாட்டில் அவர் காலருகே வந்து விழுந்தது, இரண்டாவது தோளில் பட்டது. தன் வீட்டின் இரண்டு ஜன்னல்களும் அவர் கண்முன் வந்தன. கால்கள் உதறிய உதறலில் தகர மூடி அவருக்குக் கீழே கடகடவென்று அடித்துக்கொண்டது. வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடிவர ஆரம்பித்திருந்தார். வேறு வழியில்லாமல் கேப்டன் மாற்று ஆளைப் பார்த்துக் கையசைத்தார்.

சுருட்டை நின்ற இடத்திலேயே லேசாக ஆடிக்கொண்டிருந்தான். "அண்ணே, நான் உட்காரட்டுமா?"

பெட்டியண்ணன் நகர்ந்து பெட்டியில் இடம் விட்டார்.

"உட்காரு தம்பி," என்றார். ஆறு வருடத்துக்கு முன்பு சொல்லியிருக்க வேண்டியது.

அவன் உட்கார்ந்தான். ரத்தம் வழியும் தலை அவர் தோளில் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில், பாதி மூடிய கண்ணோடு, "ஏண்ணே இப்படி நடுங்கறீங்க?" என்று கேட்டான்.

"பயமா இருக்குடா," என்றார் பெட்டியண்ணன். "நீ பேசாம உட்காரு."